கொரிஸ்காவின் பொய்முடி: பரோக் பாணியில் ஒரு மைச்சித்திரம் வரையும் முறை

இத்தாலியக் கவிஞர் பத்திஸ்தா குவாரினியின் 'இல் பாஸ்தோர் ஃபிதோ' என்னும் இடையர் நாடகம் 1590ஆம் ஆண்டுப் பதிப்பாக வெனிஸில் வெளிவந்தது. பதினேழாம் நூற்றாண்டில், ஒளி நிழலும் நாடகத்தன்மையும் மிகுந்த பரோக் பாணியில் வரைந்த ஓவியர்கள் பலர் அதிலிருந்து காட்சிகளை எடுத்து வரைந்தனர். அவற்றுள் பழகுவதற்கு ஏற்றதென நான் கருதுவது இரண்டாம் அங்கத்தில் வரும் ஒரு காட்சி: தன்னை ஏமாற்றிய கொரிஸ்கா என்னும் பெண்ணின் கூந்தலைச் சாட்டிர் (கிரேக்கப் புராணங்களில் வரும், ஆட்டுக்கால் கொண்ட காட்டுவாசி) பற்றி இழுக்க, அது பொய்முடியாகையால் கழன்று அவன் கையோடு வந்துவிடுகிறது, அவன் நிலைகுலைந்து விழ, அவள் தப்பி ஓடுகிறாள்.

முதற்படி, மை. அக்கால ஓவியர்கள் பெரிதும் பயன்படுத்திய இரும்பு மையின் பொருள்கள் நம் நாட்டு மருந்துக் கடைக்கும் புதியவை அல்ல: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். ஆயினும் அந்த மை அமிலத்தன்மை உடையது, நாளடைவில் தாளையே அரித்துவிடும். தொடக்கநிலையினர் காய்ந்தபின் நீரில் கரையாத பழுப்பு மையை வாங்கிக்கொள்வதே நல்லது. அந்நூற்றாண்டின் சித்திரங்களில் இன்று பழுப்பாகத் தெரியும் கோடுகளில் பல, வரைந்தபோது கருமையாக இருந்து காலப்போக்கில் நிறம் மாறியவை. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ளதாக இருந்தால் ஈரத்தில் சுருங்காது.

இரண்டாவதாக, கரிக்கோலால் மிக இலேசாக ஒரு மூலைவிட்டக் கோடு இடுங்கள். இடப்பக்கக் கீழ் மூலையில் பின்னோக்கிச் சாயும் சாட்டிர், வலப்பக்க மேல் மூலையை நோக்கி ஓடும் கொரிஸ்கா, நடுவில் அவன் கையில் தொங்கும் முடி. இருவரையும் நேராக நிறுத்தினால் காட்சி நாடகமாகாது, புகைப்படத்துக்கு நிற்பது போலாகிவிடும்.

மூன்றாவதாக, இறகுப் பேனாவோ முள் பேனாவோ கொண்டு மைக்கோடு வரைய வேண்டும். ஒளி விழும் தோளிலும் கன்னத்திலும் கோட்டை மெலிதாக்கி, சில இடங்களில் விட்டுவிட்டே செல்லுங்கள். நிழல் விழும் முதுகிலும் ஆடை மடிப்பிலும் அழுத்துங்கள். இத்தாலியின் செந்தோ ஊரில் 1591இல் பிறந்த ஓவியர் குவெர்ச்சினோவின் சித்திரங்களைப் பார்த்தால், அவர் உடலை ஒரே கோட்டால் அடைக்காமல் சிறு சிறு வளைவுகளால் தேடித் தேடி அமைத்திருப்பது புலப்படும். தவறிய கோட்டைச் சுரண்டாதீர்கள். பக்கத்திலேயே சரியான கோட்டை இடுங்கள்.

கோடுகள் நன்றாகக் காய்ந்தபின், மையை நீரில் கலந்து வெளிறியது, நடுத்தரமானது, அடர்ந்தது என மூன்று கிண்ணங்களில் வைத்துக்கொண்டு, தூரிகையால் வெளிறியதிலிருந்து தொடங்குங்கள். இங்கேதான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள், நானும் பல தாள்களைக் கெடுத்திருக்கிறேன்: எல்லா இடத்தையும் நிரப்பிவிடுகிறோம். வெள்ளை மை கிடையாது. தாளின் வெண்மைதான் ஒளி. ஆகவே கொரிஸ்காவின் முதுகையும் பொய்முடி நீங்கிய தலையையும் தொடாமல் விட்டு, அவள் பின்னுள்ள மரக்கூட்டத்தை நடுத்தர மைநீரால் ஒரே வீச்சில் நிரப்புங்கள். அவள் தானாகவே முன்னே வந்து நிற்பாள். அடர்ந்த மையைச் சாட்டிரின் திறந்த வாய், கைக்குள் சுருண்ட முடி, அவன் விழும் தரை ஆகிய மூன்று இடங்களில் மட்டும் வைத்துவிட்டுத் தூரிகையைக் கழுவிவிடுங்கள்.