ஆக்டிவ் பேஸ் கிட்டாரில் டோன் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்டிவ் பேஸ் கிட்டாரை முதன்முதலாக வாங்கியவர்கள் அதை ஆம்ப்பில் இணைத்தவுடன் என்ன செய்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எங்கள் தலைமுறையினர் தொடக்கத்தில் செய்த பிழைகளையே அவர்களும் ஏறத்தாழ அதே வரிசையில் செய்கிறார்கள். சுருதி சேர்க்காமல் வாசிப்பது, பழுதான கேபிளோடு போராடுவது போன்றவை தாமாகவே வெளிப்பட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நல்ல டோன் என்று நம்பியே செய்யப்படும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எல்லாக் குமிழ்களையும் முழுதாகத் திறந்துவைப்பது

பேட்டரி இல்லாத பாஸிவ் கருவியின் டோன் குமிழால் உயர் அதிர்வெண்களைக் குறைக்க மட்டுமே முடியும். அதை முழுதாகத் திறந்தால், தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப்பின் இயல்பான ஒலி கிடைக்கும். ஆக்டிவ் கருவியிலோ உள்ளேயே பேட்டரியால் இயங்கும் சிறு பெருக்கியான ப்ரீஆம்ப் ஒலியைக் கூட்டவும் செய்கிறது, குறைக்கவும் செய்கிறது. பெரும்பாலான கருவிகளில் குமிழைத் திருப்பும்போது நடுவே விரலுக்குத் தட்டுப்படும் சிறு பள்ளம்தான் மாற்றமில்லாத நிலை. பாஸிவ் கருவியில் பழகியவர் அதே வழக்கத்தில் பேஸ் (தாழ்ந்த ஒலி), மிட் (நடு), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) என்ற மூன்று குமிழ்களையும் கடைசிவரை திருப்பிவிட்டு, ஒவ்வொரு பகுதியிலும் 12 டெசிபெல், சில ப்ரீஆம்புகளில் 18 டெசிபெல் வரை கூட்டிவிட்டதை அறியாமல் வாசிக்கிறார். சில ப்ரீஆம்புகளில் குமிழ் கூட்ட மட்டுமே செய்யும். அவற்றில் முழுதாக மூடிய நிலையே இயல்பு நிலை. உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்டிவ், பாஸிவ் இரண்டுக்கும் மாற்றும் சுவிட்ச் இருந்தால் சோதனை இன்னும் எளிது. சுவிட்சைத் தட்டியதும் ஒலியின் உடலே காணாமல் போகிறது என்றால் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது கருவியின் குரல் அன்று, ப்ரீஆம்பின் குரல்.

பேஸ் குமிழை ஏற்றிக்கொண்டே போவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பணத்தைக் கரைக்கும் தவறும் இதுதான்.

ஐந்து தந்திக் கருவி வைத்திருந்த ஓர் இளைஞர் வீட்டில் தனியாக, குறைந்த ஒலியில் பயின்று, பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டைக் குறைத்து ஒரு டோனை அமைத்திருந்தார். தனியாகக் கேட்டபோது அது உண்மையிலேயே இனிமையாக இருந்தது. ஒத்திகையில் ட்ரம்ஸும் இரண்டு கிட்டார்களும் சேர்ந்ததும் அவர் வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை. அவர் ஆம்ப்பின் ஒலியை ஏற்றினார்; பிறகு கருவியின் பேஸ் குமிழைக் கடைசிவரை திருப்பினார். ஐந்தாம் தந்தியைத் தொடும்போதெல்லாம் ஸ்பீக்கர் படபடத்தது, ஆனால் சுரம் இன்னதென்று தெரியவில்லை. அன்று மாலைக்குள் ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் உரசத் தொடங்கிவிட்டது. அவரோ ஸ்பீக்கர் தரமற்றது என்று முடிவு செய்து, அதைவிடப் பெரிய கேபினெட்டை (ஸ்பீக்கர் பெட்டியை) வாங்கிவந்து, குமிழ்களைப் பழைய இடத்திலேயே வைத்து வாசித்தார். என்னால் பொறுக்க முடியாதது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நான்கு தந்திக் கருவியின் திறந்த ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸிலும், ஐந்தாவதான பி தந்தி 30.9 ஹெர்ட்ஸிலும் அதிர்கின்றன. பல ப்ரீஆம்புகளின் பேஸ் குமிழ் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றித்தான் வேலை செய்கிறது. சிறிய கேபினெட்டுகள் பலவற்றில் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகக் குறைந்துவிடும் என்பதால், அந்தப் பகுதியில் நாம் கூட்டுவது காதுக்கு வந்து சேராமல் ஆம்ப்பின் ஆற்றலை மட்டும் தின்கிறது. 3 டெசிபெல் கூட்டினால் ஆம்ப் இருமடங்கு ஆற்றலைத் தர வேண்டும். 12 டெசிபெல் என்றால் ஏறத்தாழ பதினாறு மடங்கு. ஸ்பீக்கரின் கூம்பும், அதே அளவு ஒலியை ஓர் ஆக்டேவ் கீழே தருவதற்கு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டியிருக்கிறது. நாம் தாழ்ந்த சுரமாகக் கேட்பதில் பெரும்பங்கு 82, 123 ஹெர்ட்ஸ் போன்ற மேல் அதிர்வுகளிலிருந்தே வருகிறது. அடிப்படை அதிர்வு வலுவிழந்திருந்தாலும் அந்த மேல் அதிர்வுகளைக் கொண்டே மூளை சுரத்தை இனம் கண்டுகொள்ளும்.

வீட்டில் இனித்த டோன் மேடையில் ஏன் கெடுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒலி குறைவாக இருக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்களுக்கு நம் காதின் கூர்மை மிகவும் குறைகிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட சம ஒலிப்புக் கோடுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் நாம் வீட்டில் பேஸை ஏற்றுகிறோம். மேடையின் ஒலி அளவில் காது அதே அதிர்வெண்களை நன்றாகவே கேட்கிறது என்பதால், வீட்டில் ஈடாக இருந்தது அங்கே மிகையாகிவிடுகிறது. போதாக்குறைக்கு அடியில் கிக் ட்ரம் இருக்கிறது, மேலே சிம்பல்களும் கிட்டார்களும் இருக்கின்றன. பேஸ் கிட்டாரின் சுரங்கள் தெளிவாகக் கேட்பதற்கு எஞ்சியிருக்கும் இடம் ஏறத்தாழ 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரைதான். மிட்டைக் குறைத்தவர் அந்த இடத்தைத் தாமே காலி செய்துவிடுகிறார்.

ஆகவே டோனைக் குழுவோடு வாசிக்கும்போது, குழுவின் ஒலி அளவிலேயே அமைக்க வேண்டும். எல்லாக் குமிழ்களையும் மாற்றமில்லாத நிலையில் வைத்துத் தொடங்குங்கள். சுரம் கேட்கவில்லை என்றால் மிட்டைச் சற்றே ஏற்றிப் பாருங்கள். 2, 3 டெசிபெல் போதும். ஒலி குழம்பினால் பேஸைக் குறையுங்கள். ஆம்ப்பில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் அதை 35, 40 ஹெர்ட்ஸ் அளவில் வைத்துவிடுங்கள். கேபினெட் அறையின் மூலையில் இருந்தால் சுவர்களே தாழ்ந்த ஒலியை ஏற்றிக்கொண்டிருக்கும். குமிழைத் தொடும் முன் அதை வெளியே நகர்த்துங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் பேஸ் குறைவாகக் கேட்பதால் அறை முழுவதும் குறைவு என்று கொள்ள வேண்டாம். சில அடிகள் தள்ளி நின்றால் அதே ஒலி இருமடங்காகக் கேட்கக்கூடும்.

கருவியிலும் ஆம்ப்பிலும் ஒரே பகுதியைக் கூட்டுவது

இங்கே 6, அங்கே 6 என்றால் மொத்தம் 12 டெசிபெல். ஆம்ப்பின் குமிழ்களை அறைக்காக ஒருமுறை அமைத்துவிட்டு, கருவியின் குமிழ்களைப் பாட்டுக்குப் பாட்டு மாற்றுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பிசிறு எங்கே பிறக்கிறது என்று பாராமல் கெயினைக் குறைப்பது

ஒலி பிசிறினால் உடனே ஆம்ப்பின் மேல் பழி விழுகிறது; உள்வரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவான கெயினைக் குறைக்கிறார்கள். ஆக்டிவ் கருவியின் சமிக்ஞை வலுவானது என்பதால் ஆம்ப்பின் உள்ளீடு திணறுவது உண்டு. அதற்காகவே பல ஆம்ப்புகளில் அந்தச் சமிக்ஞையைக் குறைத்து வாங்கும் ஆக்டிவ் பொத்தானோ தனி உள்ளீடோ இருக்கிறது. அதைப் பயன்படுத்திய பிறகும், கெயினை நன்றாகக் குறைத்த பிறகும் பிசிறு தங்கினால் அது கருவிக்குள்ளேயே பிறக்கக்கூடும். 9 வோல்ட் பேட்டரி தளர்ந்திருந்தால், அழுத்தி வாசிக்கும் சுரங்களில்தான் முதலில் பிசிறு தோன்றும். அளவுகோல் வேண்டுமென்றால், 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியோடு நான் மேடை ஏறுவதில்லை. இரண்டு பேட்டரிகளில் 18 வோல்ட்டுக்கு இயங்கும் ப்ரீஆம்புகளில், சமிக்ஞை திணறாமல் உயர்வதற்கு இன்னும் கூடுதலான இடம் உண்டு. பேட்டரி புதிது என்றால் பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். தந்திக்கு மிக நெருக்கமாக ஏற்றப்பட்ட பிக்கப் ப்ரீஆம்பைத் திணறடிப்பதோடு, அதன் காந்தம் வலுவாக இருந்தால் தந்தியையே இழுத்துச் சுருதியை அலைக்கழிக்கும்.

வாசித்து முடித்தும் கேபிளைச் செருகியே வைப்பது

கழற்றுங்கள். பெரும்பாலான கருவிகளில் பேட்டரியின் சுவிட்சே கேபிளைச் செருகும் அந்த ஜாக்தான்.

பழைய தந்தியின் மங்கலை ட்ரெபிளால் போக்க நினைப்பது

போகாது, இரைச்சல்தான் கூடும்.

இரண்டு பிக்கப்புகளையும் எப்போதும் சமமாக வைப்பது

பாலத்தருகே (தந்திகள் கருவியின் உடலில் தாங்கப்படும் முனையருகே) ஒன்றும் கழுத்தருகே ஒன்றுமாக உள்ள பிக்கப்புகள் தந்தியின் அதிர்வை இரு வேறு புள்ளிகளில் எடுக்கின்றன. இரண்டும் சம அளவில் கலக்கும்போது மிட் பகுதியின் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று குறைத்துக்கொள்வதால் நடுப்பகுதி தானாகவே குழிந்துவிடுகிறது. அது தெரியாமல் மிட் குமிழோடு மல்லுக்கட்டுபவர்கள் பலர். இரண்டு பிக்கப்புகளின் அளவை மாற்றும் கலவைக் குமிழை ஏதேனும் ஒரு பக்கம் சற்றே திருப்பினாலே குழிந்த பகுதி பெருமளவு திரும்பிவரும்.

கைக்கு முன் குமிழைத் தேடுவது

தந்தியைக் கழுத்தருகே மீட்டினால் அடிப்படை அதிர்வு ஓங்கி ஒலி உருண்டையாக வருகிறது. பாலத்தை நெருங்க நெருங்க மேல் அதிர்வுகள் கூடி ஒலி இறுகுகிறது. குமிழ்கள் எல்லாம் நடுவிலேயே இருக்கட்டும்; குழுவில் உங்கள் சுரம் அமுங்குவதாகத் தோன்றினால் முதலில் கையைப் பாலத்தை நோக்கி இரண்டு விரற்கடை நகர்த்தி வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மிட் குமிழைத் தொட வேண்டிய தேவையே எழாது.