வன்னியிலிருந்து மலேசியா போகிறவர்களுக்கு, போய் அடிபட்டவன் சொல்வது

கிளிநொச்சிக்காரனுக்கு வெக்கையைப் பற்றி யார் என்ன சொல்லித் தருவது என்ற எண்ணத்தோடுதான் நான் முதல் தடவை மலேசியாவுக்குப் போனேன். கோலாலம்பூரில் 32, 33 பாகைக்கு மேலே அவ்வளவாக ஏறுவதில்லை, நாங்கள் சித்திரையில் பார்க்காததா? ஆனால் நம்முடையது காய்ந்த வெயில், காற்றும் அடிக்கும். அங்கே புழுக்கம். காலையில் தோய்த்து அறைக்குள் போட்ட சேட் அடுத்த நாளும் ஈரமாகவே கிடந்தது. பின்னேரம் மூன்று நான்கு மணிக்கு இடியோடு ஒரு மழை வந்து ஊற்றிவிட்டுப் போகும், வருடத்தில் எந்த மாதம் போனாலும் இது நடக்கும். அதனால் ஜீன்ஸை விட்டுவிட்டு மெல்லிய பருத்தி உடுப்பு, ஒரு சின்னக் குடை, செருப்பு. கூடவே ஒரு சால்வையோ கம்பளிச் சட்டையோ கட்டாயம் வையுங்கள். ரெயினுக்குள்ளும் பெரிய கடைகளுக்குள்ளும் ஏசி போட்டிருக்கிற குளிருக்கு, என்னோடு வந்த மாமிக்குப் பல்லுக் கிட்டியது.

எப்போது போவது? காலபோக நெல் வெட்டு முடிந்து காசு கையில் வருகிற மாசி பங்குனிதான் நமக்கும் வசதி, அங்கேயும் நல்ல காலம். இரணைமடுக் குளம் வான் பாய்கிற அந்த வாடைக்காலத்தில் மலேசியாவின் கிழக்குக் கரைக்கும் அதே வடகீழ்ப் பருவமழைதான். கிளந்தான், திரங்கானு பக்கம் கடல் கொந்தளிக்கும், பெர்ஹெந்தியான் போன்ற தீவுகளில் தங்குமிடங்களில் பெரும்பாலானவை கார்த்திகையிலிருந்து மாசி வரை பூட்டிவிடும். கடல் பார்க்கிற எண்ணம் இருந்தால் அந்த மாதங்களில் லங்காவி, பினாங்கு என்று மேற்குக் கரைக்குப் போங்கள்.

இனி பேப்பர் வேலை. இதில்தான் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருக்க வேண்டும். புதிதாக எடுப்பதற்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும், இணையத்தில் ஈ-விசா எடுக்கலாம். நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும், ஊரில் கூப்பிடுவதோ வேறு. ரிக்கற்றிலும் விசாவிலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்து அப்படியே, ஓர் எழுத்தும் பிசகாமல் வரட்டும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்து, ஒரு போட்டோக்கொப்பியை வேறு பைக்குள்ளும் வையுங்கள். பேப்பர் தொலைந்தால் என்ன பாடு என்று நம்முடைய ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விசாவைத் தவிர இன்னொன்று இருக்கிறது: டிஜிட்டல் வருகை அட்டை. 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுப் பயணிகள் இதை நிரப்பியே ஆகவேண்டும், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் செய்யலாம். அரசாங்கத் தளத்தில் இது இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் அது வேறு யாரோ, வெளியே வந்துவிடுங்கள். விசா இருக்கிறதே, பிறகென்ன என்று நான் இதை விட்டுவிட்டுப் போனேன். குடிவரவு வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்று முன்னுக்குப் போனதும், நிரப்பிக்கொண்டு வா என்று திருப்பிவிட்டார்கள். மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டார். நான் போனில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி முடிப்பதற்குள், எங்களோடு பிளேனில் வந்த சனம் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த வரிசையில் தனியாகப் போகிற இளம் பெடியன்களிடம் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள். திரும்பி வருகிற ரிக்கற், தங்கும் இடத்தின் பதிவு, கையில் உள்ள காசு மூன்றையும் காட்டக்கூடிய மாதிரி வையுங்கள். தெரிந்த வீட்டில் தங்குவதென்றால் முழு விலாசமும் போன் நம்பரும் எழுதிக் கொண்டுபோங்கள், "கிள்ளானில் மாமா வீடு" என்று சொன்னால் போதாது. சுற்றுலா விசாவில் போ, அங்கே போனதும் வேலை எடுத்துத் தருகிறேன் என்று ஏஜென்சிக்காரன் யாராவது சொன்னால் தயவுசெய்து கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம், பிடிபட்டால் தடுப்பு முகாம், பிறகு நாடுகடத்தல். காணியை ஈடு வைத்துப் போய் வெறுங்கையோடு வந்தவர்களை எங்கள் பக்கத்திலேயே தெரியும்.

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து மலேசியாவுக்கு நேரே பிளேன் இல்லை, கட்டுநாயக்க விமான நிலையம்தான். கொழும்பு வரை போய்த் திரும்பி வராமல், புத்தளம், நீர்கொழும்பு வழியாகப் போகிற இரவு பஸ்ஸில் ஏறினால் கட்டுநாயக்கவிலேயே இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவையுங்கள், நித்திரையில் விட்டுவிட்டால் கொழும்புதான். மலிவு ரிக்கற் என்றால் சாப்பாடும் பெட்டிக்கான காசும் பெரும்பாலும் தனி, கையில் கொண்டுபோகிற பையை 7 கிலோ என்று நிறுத்தே பார்ப்பார்கள். பறப்பது நான்கு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். இறங்கியதும் மணிக்கூட்டை இரண்டரை மணித்தியாலம் முன்னே தள்ளுங்கள்.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. நாங்கள் போனது ஆனியில். மாமி கறுத்தக்கொழும்பான் ஆறு மாம்பழத்தை என்னுடைய பழைய சாரத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றி, நடுவில் ஒரு சுருள் முருங்கை விதையும் வைத்து, மேலே மிளகாய்த்தூள் பைகளை அடுக்கியிருந்தார். சுங்கத்தில் பெட்டியைத் திறந்த பெண் சாரத்தை அவிழ்க்க அவிழ்க்கப் பழம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது, மாமி என்னைப் பார்க்கவே இல்லை. பழமும் விதையும் குப்பைக்குப் போயின, தூள் மட்டும் மிஞ்சியது. பச்சைப் பழம், விதை, கன்று, இறைச்சி இவற்றுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதனால் விட்டுவிட்டுப் போங்கள். வறுத்து அரைத்த தூளை நன்றாக மூடிக் கட்டிக் கொண்டுபோகலாம். யாராவது "இந்தச் சின்னப் பார்சலை அங்கே ஒருவரிடம் குடுத்துவிடு" என்றால், அது சொந்தக்காரராக இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். அந்த நாட்டில் போதைப்பொருளுக்கு மரண தண்டனை இருக்கிறது.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வேக ரெயின் அரை மணித்தியாலத்தில் கேஎல் சென்ட்ரல் என்ற பெரிய ரெயில் நிலையத்தில் விட்டுவிடும், ஆனால் ஓர் ஆளுக்கு 55 ரிங்கிட். அதை நம்முடைய ரூபாயில் பெருக்கிப் பாருங்கள், வயிறு எரியும். பஸ் அதைவிடப் பல மடங்கு மலிவு, ஒரு மணித்தியாலம் எடுக்கும். மூன்று நான்கு பேர் என்றால் போனில் கூப்பிடுகிற கிராப் வாடகைக் காரும் சரிவரும். காசை விமான நிலையத்தில் கொஞ்சமாக மட்டும் மாற்றுங்கள், நகரத்துக்குள் நல்ல விலை கிடைக்கும். தங்கும் இடத்தில் வெளிநாட்டுக்காரருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, அது ஏமாற்று இல்லை, சண்டை பிடிக்காதீர்கள். ரெயினுக்கும் பஸ்ஸுக்கும், காசு ஏற்றி வைக்கிற டச் அன் கோ கார்டு ஒன்று வாங்கினால் ஒவ்வொரு இடத்திலும் ரிக்கற்றுக்கு நிற்கத் தேவையில்லை. சார்ஜருக்குச் சதுரக் கால் மூன்று உள்ள பிளக்தான், நம்முடைய பழைய உருண்டைக் கால் பிளக் அங்கே ஏறாது.

பேச்சு. தமிழ் இருக்கிறது என்று நம்பிப் போகலாம், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் பூமாலைக் கடையும் இடியப்பமும் தமிழ்ப் பலகையும் கண்ணுக்கு முன்னால். அங்கேயே ஒரு கந்தசுவாமி கோயிலும் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்தில் ரெயில்வே வேலைக்கும் அரசாங்க வேலைக்கும் போன நம்முடைய ஆட்கள் கட்டியது. ஆனால் அவர்களுடைய தமிழும் நம்முடையதும் அங்கங்கே முட்டும். ஒரு சாப்பாட்டுக் கடையில் "அண்ணை, ஒரு பிளேன்ரீ" என்றேன், அந்தத் தம்பி விழித்தான். நான் கையால் பால் வேண்டாம் என்று காட்ட, "ஓ, தே ஓவா?" என்றான். பால் இல்லாத தேநீர் அங்கே தே ஓ, சீனியும் வேண்டாமென்றால் தே ஓ கொசோங். "கொஞ்சம் கதைக்கலாமோ" என்று கேட்டாலும் அப்படித்தான் பார்ப்பார்கள், "பேசலாமா" என்று சொல்லிவிடுங்கள். மலாயில் கடைக்குக் கெடாய், இந்துக் கோயிலுக்குக் குயில் என்று பலகையில் பார்த்ததும் மாமிக்கு ஒரே சந்தோசம், எல்லாம் நம்மிடம் எடுத்தது என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சாப்பாட்டில் நான்கு சொல் பாடமாக்கினால் போதும். ஆயாம் கோழி, ஈக்கான் மீன், காம்பிங் ஆடு, டாகிங் என்றால் பொதுவாக இறைச்சி, கடைகளில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சி. மாடு சாப்பிடாதவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள். வெள்ளி, செவ்வாய் விரதகாரர் நாசி லெமாக்கைச் சோறும் சம்பலும்தானே என்று வாங்கிவிட வேண்டாம், அந்தச் சம்பலுக்குள் நெத்தலி இருக்கும், மலாய்ச் சம்பல் பலதில் இறால் கூழும் சேரும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் மரக்கறி தாராளம், ரொட்டி சானாய் எங்கும் கிடைக்கும், நம்முடைய பரோட்டாவுக்குத் தம்பி முறை. சாப்பாட்டுக் கடைக்குள் சிகரெட் பிடித்தால் தண்டம்.

பத்துமலைக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்தே ரெயின் போகிறது. 42.7 மீற்றர் உயர முருகன் சிலைக்குப் பக்கத்தால் 272 படி, காலை எட்டு மணிக்கு முன் ஏறுங்கள், பத்துக்குப் பிறகு படி சுடும். பெண்கள் முழங்காலுக்கு மேலே நிற்கிற உடுப்போடு போனால் மறித்து, மேலே சுற்றத் துணி வாங்கச் சொல்வார்கள். குரங்குகள் நம்முடைய தென்னந்தோப்புக் குரங்கை விட மோசம், கையில் பொலித்தீன் பை கண்டால் பறித்துவிடும், தேங்காயோ பழமோ பைக்குள் மறைத்துக் கொண்டுபோங்கள். தைப்பூசத்துக்குப் போகிற எண்ணம் என்றால் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெரிசலைப் பல தடவை பெருக்கிக்கொள்ளுங்கள். வயதானவர்களை அன்றைக்குக் கூட்டிப் போக வேண்டாம், இரண்டு மூன்று நாள் முன்னோ பின்னோ போனாலும் காவடி பார்க்கலாம்.

கடைசி நாள் மிஞ்சிய சில்லறையைக் கடையில் கொடுத்து முடியுங்கள், ஊரில் யாரும் அதை மாற்றித் தர மாட்டார்கள். டச் அன் கோ கார்டை மட்டும் எறிய வேண்டாம், அடுத்ததாகப் போகிறவருக்குக் கொடுக்கலாம். என்னுடையது இப்போது மூன்றாவது ஆளிடம் பரந்தனில் நிற்கிறது, அதற்குள் இன்னும் பதினொரு ரிங்கிட் கிடக்கிறதாம்.