குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: அசெம்பிள் செய்தாலும் ரெடிமேடாக வாங்கினாலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கேமிங் பிசி, ஐ5 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்ஜிபி கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்." ஆன்லைன் விளம்பரத்திலும் சரி, கடையில் எழுதித் தரும் கொட்டேஷனிலும் சரி, இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம். விலையும் ஆசை காட்டும். ஆனால் இந்த வரியில் ஒரு பாகத்துக்குக்கூட முழுப்பெயர் இல்லை.

ஐ5 என்றால் எந்த ஐ5? 2011இல் வந்த ஐ5-2400ம் ஐ5தான், 2022இல் வந்த ஐ5-12400ம் ஐ5தான். முன்னதில் நான்கு கோர் (கணக்குப் போடும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை). பின்னதில் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஒவ்வொரு கோரின் வேகமும் எங்கேயோ இருக்கிறது. 4 ஜிபி கார்டு கதையும் அதேதான். 2014இல் வெளியான ஜிடி 730லும் 4 ஜிபி மெமரியோடு மாடல்கள் உண்டு, ஜிடிஎக்ஸ் 1650லும் 4 ஜிபிதான். முதலாவது மானிட்டரில் படம் வரவைக்க மட்டும் லாயக்கு. இரண்டாவதில் ஜிடிஏ 5ஐ 1080பியில் நன்றாகவே ஆடலாம்.

அசெம்பிள் செய்வது மேலா, ரெடிமேட் மேலா என்று விடிய விடிய வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. பெயர் சொல்லாமல் விட்ட பாகத்தில்தான் விற்பவர் மிச்சம் பிடிப்பார். எந்த வழியில் வாங்கினாலும் பிராசசர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளை) ஆகிய ஆறுக்கும் கம்பெனி, மாடல் எண் இரண்டையும் எழுதி வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் அன்றைக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

மொத்த விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவது

ரெடிமேட் சிஸ்டம் 70 ஆயிரம், தனித்தனியாக வாங்கினால் 60 ஆயிரம், ஆக பத்தாயிரம் லாபம் என்று கணக்குப் போடுவார்கள். ரெடிமேடில் விண்டோஸ் லைசென்ஸ் சேர்ந்திருக்கும். அதைத் தனியாகக் கடையில் வாங்கினால் பத்தாயிரம் ரூபாய் அளவில் ஆகும். அதைச் சேர்த்துப் பார்த்தால் லாபம் அங்கேயே கரைந்துவிடும். வைஃபையும் அப்படித்தான்: விலை குறைந்த மதர்போர்டுகள் பலவற்றில் அது இருக்காது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல் முழுத் தொகையையும் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு, கடைசியில் வீட்டில் கிடக்கும் பழைய மானிட்டரோடு சமாளிப்பவர்களும் உண்டு.

இன்னொரு தவறு, அசெம்பிள் செய்வதுதான் எப்போதும் மலிவு என்று பழைய நினைப்பிலேயே இருப்பது. 2021இல் கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாட்டின்போது கார்டைத் தனியாக வாங்குவதைவிட, கார்டோடு வரும் முழு சிஸ்டத்தை வாங்குவது பல நேரம் புத்திசாலித்தனமாக இருந்தது. 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் தயாரிப்பாளர்கள் உற்பத்தியைத் திருப்பியதுதான் முக்கியக் காரணம். குரூஷியல் என்ற பெயரில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில், விலை ஏறும் முன் தயாரான ரெடிமேட் சிஸ்டம் கையில் சிக்கினால் அது நல்ல பேரமாக இருக்கலாம். போன வருடம் யூடியூபில் சொன்ன விலையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ரெடிமேடில் உள்ள அதே பாகங்களின் அன்றைய விலையைக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் இரண்டு மூன்றாயிரம்தான் என்றால் வாரன்டி எதில் நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதைப் பலர் யோசிப்பதில்லை. பாகங்களை நீங்களே தேர்ந்தெடுத்து, கடைக்காரரை அசெம்பிள் செய்யச் சொல்வது. எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால் சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் அதற்குப் பெரிய கூலி கேட்பதில்லை. 50, 60 ஆயிரம் பட்ஜெட்டில் முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் நீங்கள் சொன்ன பாகம்தான் உள்ளே போகிறதா என்று பெட்டி பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எஸ்எம்பிஎஸ்: யாரும் கேட்காத பாகம்

பட்ஜெட் சிஸ்டங்களில் அதிகம் ஏமாற்றப்படும் இடம் இது. கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி அதன் பக்கவாட்டு லேபிளைப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே சின்னக் கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் பக்கமிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. மலிவான யூனிட்டில் அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐ 16ஆல் பெருக்குங்கள். 192 வாட். உங்களுக்கு உண்மையில் பயன்படுவது அவ்வளவுதான்.

ஐ5-12400எஃப் முழு வேகத்தில் ஓடினால் 117 வாட் வரை எடுக்கலாம். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட். இரண்டும் சேர்ந்தாலே 232 ஆகிவிட்டது. கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் சிஸ்டம் திடீரென்று அணைவது, தானாக ரீஸ்டார்ட் ஆவது எல்லாவற்றுக்கும் விண்டோஸைத் திட்டிக்கொண்டு மூன்று முறை மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். குற்றவாளி கீழே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். நல்ல 550 வாட் யூனிட்டில் அதே 12 வோல்ட் கட்டத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். பெரும்பாலான பட்ஜெட் சிஸ்டத்துக்கு அது தாராளம்.

கனெக்டர்களையும் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரைதான் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் 6 பின் அல்லது 8 பின் கேபிள் தேவை. எஸ்எம்பிஎஸ்ஸிலேயே அந்த கேபிள் இல்லை, "ஒரு கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கன்வெர்ட்டர் செருகும் மெல்லிய மோலெக்ஸ் (பழைய வகை நான்கு பின்) வயரில் அவ்வளவு மின்சாரம் போனால் கனெக்டர் உருகும் ஆபத்து உண்டு. அப்புறம், 80 பிளஸ் முத்திரை இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பதும் தவறு. அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் போன்றவற்றுக்கான பாதுகாப்பு உண்டா, வாரன்டி எத்தனை வருடம் என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரே பெயர், வேறு கார்டு

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு கார்டுகள் உண்டு. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று தோன்றும். 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்). 6 ஜிபியில் 2304 கோர், 96 பிட் பஸ். உண்மையில் ஒரு படி கீழே உள்ள கார்டு அது. அதற்கும் ஓர் இடம் உண்டு: 70 வாட்தான் எடுக்கும் என்பதால் தனி பவர் கேபிள் இல்லாத பழைய ஆபீஸ் சிஸ்டத்தில் போடலாம். ஆனால் பெரிய கார்டின் விலையில் அதை வாங்கக் கூடாது.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னொரு உதாரணம். அது மதர்போர்டோடு நான்கு லேன்களில்தான் (தகவல் போகும் பாதைகள்) பேசும். பிசிஐஇ 4 (கார்டு செருகும் ஸ்லாட்டின் தலைமுறை) உள்ள போர்டில் பரவாயில்லை. ஏ520 போல பிசிஐஇ 3 மட்டும் உள்ள போர்டில் போட்டால் சில கேம்களில் வேகம் கண்கூடாகக் குறையும். இப்படிக் கார்டும் போர்டும் பொருந்தாமல் போவது ரெடிமேட் சிஸ்டங்களிலும் நடக்கிறது. அதனால்தான் மதர்போர்டின் பெயரையும் கேட்கச் சொல்கிறேன்.

பழைய கார்டு வாங்குவது தவறே இல்லை. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் கார்டு வைத்து மைனிங் (நாணயம் ஈட்டும் கணக்கு வேலை) செய்யும் முறையைக் கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு கனமான கேமையோ டெஸ்டையோ அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பநிலை, ஃபேன் சத்தம், திரையில் புள்ளிகள் தெறிக்கின்றனவா என்று பாருங்கள். சீரியல் நம்பரை வைத்து வாரன்டி மீதி உண்டா என்று கம்பெனி தளத்தில் பாருங்கள். ஓட்டிக் காட்டமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

பழைய சிஸ்டத்துக்குப் புதுச் சட்டை

கண்ணாடிப் பக்கம் வைத்து, கலர் விளக்கு எரியும் புதுக் கேபினெட்டுக்குள் ஐ7-2600ஐப் போட்டு "ஐ7 கேமிங் பிசி" என்று விற்பது இன்றும் நடக்கிறது. 2011 பிராசசர் அது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. குறுக்கு வழியில் இன்ஸ்டால் செய்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் விண்டோஸ் 11இல் வேலோரன்ட் கேமைத் திறந்தால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (சிஸ்டம் தொடங்கும்போது நடக்கும் பாதுகாப்புச் சோதனை) இரண்டும் கேட்கும். பையன் ஆசையாகக் கேட்டான் என்று சேமிப்பை எடுத்து வாங்கிக் கொடுத்த பெற்றோர், அவன் கேட்ட அந்த ஒரு கேமே ஓடவில்லை என்று கடைக்கு அலைவதைப் பார்த்தால் மனது கேட்பதில்லை. இதை வாங்கும் முன் பிராசசர் எண்ணைப் பார்த்தே தடுத்துவிடலாம்.

எந்த கேம் ஆடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்வது நல்லது. வேலோரன்ட், சிஎஸ்2 போன்றவைதான் என்றால் தனி கார்டே இல்லாமல் ரைசன் 8600ஜி போன்ற பிராசசரோடு தொடங்கலாம். பின்னால் கார்டு போட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் செய்வதானால் ரேம் இரண்டு குச்சியாகத்தான் இருக்க வேண்டும். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அந்த ரேம்தான் மெமரி. ஒற்றைக் குச்சியில் அதன் பாதை பாதியாகிவிடும். தனி கார்டு இருந்தால், இன்றைய ரேம் விலையில் 16 ஜிபி ஒற்றைக் குச்சியோடு தொடங்கிப் பிறகு இன்னொன்று சேர்ப்பதில் பெரிய குற்றமில்லை.

பெரிய பிராண்டுகளின் ரெடிமேட் டெஸ்க்டாப்பில் வேறு ஒரு சிக்கல். சில மாடல்களில் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டுமே அந்தக் கம்பெனியின் சொந்த அளவு, சொந்தக் கனெக்டர். இரண்டு வருடம் கழித்துப் பெரிய கார்டு போட நினைத்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியாது, கேபினெட்டையும் மாற்ற முடியாது. வாங்கும் முன் உள்ளே உள்ள படத்தைத் தேடிப் பாருங்கள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் அளவு என்றால் நிம்மதி.

பில், வெயில், எர்த்

"பில் வேண்டாமென்றால் ஜிஎஸ்டி குறையும்" என்பார்கள். 18 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். வாரன்டிக்குப் போனால் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான். சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள். பிராசசர் பாக்ஸ் பீஸா (கம்பெனிப் பெட்டியில் வருவது), ட்ரே பீஸா (பெட்டி இல்லாமல் வருவது) என்றும் கேளுங்கள். பாக்ஸுக்கு இன்டெல், ஏஎம்டி இரண்டும் மூன்று வருட வாரன்டி தருகின்றன. ட்ரே என்றால் கடைக்காரர் வாய்வார்த்தைதான் வாரன்டி.

நம் ஊர் வெயிலுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் ஒத்துவராது. காற்று உள்ளே போக வலை வைத்த முன்பக்கம் வேண்டும், தூசி வடிகட்டி கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். 600 விஏ யுபிஎஸ் என்பது வழக்கமாக 360 வாட்தான். கேம் ஆடும்போது கரண்ட் போனால் சுமை தாங்காமல் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடலாம். கேபினெட்டைத் தொட்டால் கையில் விறுவிறுவென்று இருந்தால் வீட்டில் எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கசியும் சிறிய மின்சாரம் போக வழியில்லாமல் உலோகத்தில் நிற்கிறது. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு வேலை பார்க்காமல், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போடுங்கள்.

சிஸ்டம் வீட்டுக்கு வந்த அன்றே

மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகிவிட்டு "கார்டு வேலை செய்யவில்லை" என்பது மிகச் சாதாரணமாக நடப்பது. இன்டெலில் 'எஃப்' என்று முடியும் பிராசசர் என்றால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லாததால், அப்படிச் செருகினால் படமே வராது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் 2133 அல்லது 2666 என்று காட்டினால், பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் பக்கம்) ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் 60இலேயே வைத்திருக்கலாம், டிஸ்ப்ளே செட்டிங்கில் மாற்றுங்கள். நீங்களே அசெம்பிள் செய்திருந்தால் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலத்தை உரித்தோமா என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பிராசசர் கொதிப்பதற்கு அது ஒரு வழக்கமான காரணம்.

பெட்டிகளை வாரன்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். மதர்போர்டின் சாக்கெட்டை மூடியிருந்த சின்னப் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போட வேண்டாம். போர்டு பழுதாகி அனுப்பும்போது அந்த மூடி இல்லாமல் பின் வளைந்துபோனால், வாரன்டி தர மறுப்பார்கள்.