நாயகன் பற்றிப் பேசும்போது விடுகிற தவறுகள்

கொழிஞ்சாம்பாறை மாதிரி கேரள எல்லை ஊரில், மணிரத்னம் எடுத்து கமல் நடித்த 'நாயகன்' படத்தின் பேச்சை எடுத்தால் லேசில் முடியாது, தமிழும் மலையாளமும் கலந்துதான் சண்டை நடக்கும். பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கிறவர் "அது வரதாபாய் கதையல்லே" என்று ஆரம்பிப்பார், பக்கத்தில் இருக்கிற தம்பி "ஆமாண்ணா, அவரையும் அப்படித்தான் கோர்ட் வாசல்ல சுட்டாங்க" என்று முடித்துவைப்பான். தம்பி சொன்னது சுத்தமான தப்பு. ஆனால் இதைத்தான் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

படம் வந்தது 1987 தீபாவளிக்கு. அன்றைக்கு அந்த வரதாபாய், அதாவது மும்பையில் தாதாவாக இருந்த தமிழர் வரதராஜ முதலியார், உயிரோடு இருந்தார். மும்பையில் போலீஸ் நெருக்கடி முற்றியதும் சென்னைக்கு வந்துவிட்டவர், 1988 ஜனவரியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதனால் படத்தில் கமல் நடித்த வேலு நாயக்கரின் சாவை எழுதும்போது மணிரத்னத்துக்குப் பார்த்து எழுத ஒரு நிஜச் சாவே கிடையாது. அந்த முடிவு கதைக்குள்ளிருந்தே வருகிறது: வேலு இன்ஸ்பெக்டர் கேல்கரைக் கொல்கிறான், அப்புறம் கேல்கரின் மனைவியையும் மனவளர்ச்சி குன்றிய மகனையும் பார்த்துவிட்டு அந்தக் குடும்பத்தைத் தாங்குகிறான், கடைசியில் சுடுவது அதே மகன். கோர்ட் விட்டாலும் அந்த வீடு விடாது என்று மணிரத்னம் கட்டிய கணக்கு அது. அதை எடுத்துப்போய் முதலியாரின் வாழ்க்கை வரலாற்றில் ஒட்டவைத்தால் இரண்டுமே கெட்டுப்போகிறது.

இதற்கு நேர் எதிரான கோஷ்டியும் உண்டு, "எல்லாம் காட்ஃபாதர் காப்பி, இதுல நிஜம்னு ஒண்ணும் இல்ல" என்பார்கள். அந்த அமெரிக்க மாஃபியா படத்தின் பாதிப்பு தெரியத்தான் செய்கிறது, வேலுவின் மகன் சாகிற இடத்தில் நன்றாகவே தெரியும். ஆனால் பிழைக்க வந்த தமிழன், தாராவிக் குடிசைகள், அங்கிருக்கிற சனம் போலீசை நம்பாமல் ஒரு தனி ஆளிடம் போய் நிற்பது, இதெல்லாம் நியூயார்க்கிலிருந்து வரவில்லை. மும்பை விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் கூலியாக மூட்டை தூக்கி வாழ்க்கையைத் தொடங்கியவர் வரதராஜன் என்றுதான் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள்.

என்னைக் கேட்டால், எது நிஜம் எது கற்பனை என்று பிரிப்பதைவிட, நிஜத்தில் எதைப் படம் பின்னுக்குத் தள்ளியது என்று பார்ப்பதுதான் சுவாரஸ்யம். உப்பு மூட்டைக் காட்சி ஞாபகம் இருக்கும். கடத்தல் சரக்கோடு உப்பு மூட்டையைக் கட்டிக் கடலில் இறக்குவார்கள், சோதனை போட வந்தவர்கள் படகில் ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போவார்கள், உப்பு கரைந்ததும் சரக்கு தானாக மேலே வரும். தியேட்டரே கைதட்டுகிற மூளை. ஆனால் நிஜ வரதராஜனுக்குப் பெரிய வருமானம் கொடுத்தது கள்ளச்சாராயம், அதைக் குடித்தது அதே குடிசைப் பகுதிகளில் இருந்த ஏழைகள். படத்தின் மனசு கடல் பக்கம்தான் நிற்கிறது. கடத்தலில் அடிபடுவது அரசாங்கம், சாராயத்தில் அடிபடுவது பக்கத்து வீட்டுக்காரன், அப்படிப்பட்ட ஆளை நாயகன் என்று கொண்டாடுவது கஷ்டம் இல்லையா? மணிரத்னத்தைக் குறை சொல்லவில்லை, சினிமாவுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு "அவர் ஏழைகளுக்கு நல்லதுதான் செஞ்சார்" என்று சான்றிதழ் கொடுப்பதுதான் தவறு.

கடத்தலில் பேர்போன ஹாஜி மஸ்தானையும் வரதராஜனையும் ஒரே ஆளாக்கிப் பேசுவதையும் அடிக்கடி கேட்கலாம். இருவரும் தமிழர்கள், ஒரே காலத்து மும்பைக்காரர்கள், வேண்டியவர்களும்கூட, ஆனால் வேறு வேறு ஆட்கள். மஸ்தான் ராமநாதபுரம் பக்கத்துக்காரர்.

அப்புறம், "தாராவியை அப்படியே எடுத்திருக்காங்க" என்று வியக்காதீர்கள். நீங்கள் பார்க்கும் தாராவியில் பெரும்பகுதி சென்னையில் தோட்டா தரணி போட்ட செட். அதற்குத்தான் அவருக்குத் தேசிய விருது, கூடவே ஒளிப்பதிவுக்கு பி.சி.ஸ்ரீராமுக்கும் நடிப்புக்குக் கமலுக்கும் கிடைத்தது.

இந்தி ரீமேக்கான 'தயாவான்' பார்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதானே என்று சொல்வதும் வேண்டாம். எல்லோரும் இந்தி பேசுகிற படத்தில், மொழி தெரியாத ஊரில் மாட்டிக்கொண்ட பையன் என்பதே வெளுத்துப்போகிறது. வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமுமாக வாழ்கிற நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடைசியாக வாட்ஸப் ஸ்டேட்டஸ்காரர்கள். நாலு பேருக்கு நல்லது என்றால் எதுவும் தப்பில்லை என்கிற வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னணியில் இளையராஜாவைப் போட்டுவிடுகிறார்கள். அதே படத்தில் மகள் சாருமதி அப்பாவின் அந்த நியாயத்தை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டுவிட்டு வீட்டைவிட்டே போய்விடுகிறாள். வேலுவிடம் அவளுக்குச் சரியான பதில் இல்லை. பேரன் நல்லவரா கெட்டவரா என்று கேட்கும்போதும் தெரியலையே என்றுதான் சொல்ல முடிகிறது. அடுத்த தடவை பார்க்கும்போது மகள் வருகிற இடங்களை ஓட்டிவிடாமல் பாருங்கள், படத்தில் நாயக்கரை எதிர்த்து முழுசாகப் பேச விடப்பட்டவள் அவள் ஒருத்திதான்.