பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேஸ் கிட்டார் டியூனிங்கை இறக்கும்போது சொதப்பும் இடங்கள்

ஆடி பிறந்துவிட்டால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கமெல்லாம் தெருவுக்கு ஒரு மேடை. பாடுகிறவர் திரும்பி, "ணா, தொண்டை கட்டிக்கிச்சு, ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு ஹாயாக உட்கார்ந்துவிடுவார். பேஸ்காரர் மட்டும் இருட்டில் ஹெட்ஸ்டாக்கில், அதாவது கிட்டாரின் தலைப்பகுதியில், டியூனிங் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருப்பார், அதற்குள் டிரம்மர் ஒன் டூ த்ரீ ஃபோர் கொடுத்துவிடுவார்.

இதில் முதல் தவறே, தேவையில்லாமல் இறக்குவதுதான். 5 கட்டை பாட்டு 4-க்கு வருகிறது என்றால், அதாவது ஜி-யிலிருந்து எஃப்-க்கு, விரலை இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) பின்னால் கொண்டுபோனால் வேலை முடிந்தது, டியூனிங் காதைத் தொடவே வேண்டாம். 3 கட்டைக்கு, அதாவது ஈ-க்கு, கீழே போகும்போதுதான் சிக்கல், ஏனென்றால் நான்கு ஸ்ட்ரிங் பேஸில் ஓப்பன் ஈ-க்குக் (எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் வரும் ஈ) கீழே எதுவும் கிடையாது. அப்போதும் ஏ ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒரு டி இருக்கிறது, பெரும்பாலான மெலடிக்கு அது தாராளமாகப் போதும். அடியில் நின்று உறுமுகிற அந்தக் கீழ் டி இல்லாமல் பாட்டு நிற்காது என்கிற குத்துப்பாட்டுக்கு மட்டும் இறக்குங்கள்.

சரி, இறக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பலரும் ஈ-யிலிருந்து மெல்லத் தளர்த்திக்கொண்டே வந்து, ஸ்ருதி காட்டுகிற டியூனரில் டி-க்குப் பச்சை எரிந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். தளர்த்தும்போது டியூனிங் கியரிலும் நட் (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) பள்ளத்திலும் கொஞ்சம் தொய்வு ஒளிந்திருக்கும், முதல் பலமான அடியிலேயே அது வெளியே வந்து ஸ்ருதி இன்னும் கீழே போய்விடும். அதனால் டி-யைத் தாண்டிக் கீழே போங்கள், ஸ்ட்ரிங்கை ஒருமுறை விரலால் இழுத்துவிடுங்கள், அப்புறம் கீழிருந்து ஏற்றி டி-யில் நிறுத்துங்கள். நட்டில் ஸ்ட்ரிங் சிக்கி 'டிக்' என்று குதிக்கிறதா? வீட்டில் இருக்கும்போதே பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்து வையுங்கள்.

ஈ என்பது 41.2 ஹெர்ட்ஸ், டி 36.7. கேட்க ஏதோ சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் ஸ்ட்ரிங்கின் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தளர்ந்த ஸ்ட்ரிங்கை முன்பு அடித்த அதே வேகத்தில் அடித்தால் ஃப்ரெட்டில் பட்டு நறநறக்கும், அடித்த கணத்தில் ஸ்ருதி மேலே எகிறி அப்புறம்தான் கீழே வந்து நிற்கும். அதனால் டியூனரில் முள் எகிறுகிற அந்த முதல் கணத்தை விட்டுவிட்டு, நின்ற பிறகு பாருங்கள். வாசிக்கும்போது கையை பிரிட்ஜ் (உடல் பக்கம் ஸ்ட்ரிங் மாட்டியிருக்கும் இடம்) பக்கம் நகர்த்தி மெதுவாக அடியுங்கள், சத்தத்தை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். நெக்கின் மேல் இருக்கும் மொத்த இழுவையும் குறைவதால் மற்ற மூன்று ஸ்ட்ரிங்கும் ஒரு நூல் ஏறியிருக்கலாம், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சி வரைக்கும் இதே ஸ்ட்ரிங்கில் இறக்கலாம் என்று நினைக்காதீர்கள், ரப்பர் பேண்ட் மாதிரி ஆகிவிடும். அதற்குத் தடிமனான ஸ்ட்ரிங்கும் அதற்கேற்ற செட்டப்பும் வேண்டும், இல்லையென்றால் ஐந்து ஸ்ட்ரிங் பேஸ்.

ஹெட்ஸ்டாக்கில் மாட்டுகிற கிளிப் டியூனரை நம்பி மேடையேறுவது இன்னொரு வினை. பக்கத்தில் டிரம்ஸ், எதிரே தப்பு மேளம், கீழே பலகை மேடை அதிர்ந்துகொண்டிருக்க, கிளிப்புக்கு எந்த அதிர்வு உங்களுடையது என்று தெரியாது. சிக்னலை அமுக்குகிற பெடல் டியூனர்தான் இங்கே சரிப்பட்டு வரும். கீழ் நோட்டைப் பிடிக்க அதுவும் திணறினால், 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே லேசாகத் தொட்டு ஹார்மோனிக் (அதே நோட்டின் மேல் ஸ்தாயி ஒலி) அடித்துப் பாருங்கள், முள் உடனே நிற்கும்.

டிஜிடெக் டிராப் மாதிரி பிட்ச் இறக்குகிற பெடல் வைத்திருப்பவர்கள் வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். டியூனர் அந்தப் பெடலுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அது இறங்கிய ஸ்ருதியைக் காட்டும், நீங்கள் பதறிப்போய் நன்றாக இருந்த ஸ்ட்ரிங்கை ஏற்றிவிடுவீர்கள். எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒன்றாக அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்க இந்தப் பெடல் நல்ல வழிதான், ஆனால் ரொம்பக் கீழே கொண்டுபோனால் அடியின் கூர்மை மழுங்கும், கொஞ்சம் தாமதமும் தெரியும்.

அடிக்கடி ஈ-யும் டி-யும் மாறி மாறி வருகிறவர்களுக்கு என் ஓட்டு ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டருக்கு. ஈ ஸ்ட்ரிங்கின் டியூனிங் காதுக்குப் பதில் மாட்டுகிற சாமான் அது, லீவரைத் தட்டினால் டி, திருப்பித் தட்டினால் ஈ. முதலில் லீவர் சாதாரண நிலையில் இருக்கும்போது ஈ-யை டியூன் செய்ய வேண்டும், பிறகு லீவரைத் தட்டி, டி-யை அதன் ஸ்க்ரூவில் மட்டும் சரிசெய்ய வேண்டும். டி தப்பாக வருகிறது என்று டியூனிங் காதைத் திருகினால் ஈ-யும் கெட்டுப்போகும். புது ஸ்ட்ரிங் மாட்டிய அன்றைக்கே இதை நம்பவும் கூடாது, ஸ்ட்ரிங் நீண்டு முடிக்கும்வரை இரண்டு நோட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்றில் வாசிப்பவர்கள் வாசித்து முடித்ததும் ஸ்ட்ரிங்கையும் லீவரையும் துடைத்து வையுங்கள், உப்பு எதையும் விட்டுவைக்காது.

இறக்கியாயிற்று என்றதும் ஆம்பில் பேஸ் குமிழைக் கூட்டுவார்கள் பாருங்கள், அது வேண்டவே வேண்டாம். திருவிழா சவுண்ட் செட்டில் 36 ஹெர்ட்ஸ் ஒழுங்காக வருவது அபூர்வம், ஸ்பீக்கர் கோன்தான் சும்மா துடிக்கும். நோட்டு காதில் விழுவது அதற்கு மேலே இருக்கும் ஹார்மோனிக்குகளால், அதனால் கீழே கொஞ்சம் குறைத்து மிட் (நடு ஒலி) குமிழை ஏற்றுங்கள்.

விரல் பழக்கமும் காலை வாரும். ஈ ஸ்ட்ரிங் டி ஆனபின் மூன்றாவது ஃப்ரெட்டில் இருப்பது ஜி இல்லை, எஃப். ஜி ஐந்தாவதுக்குப் போய்விட்டது. பாட்டு லிஸ்டில் டி பாட்டுகளுக்குப் பக்கத்தில் பெரிதாகக் குறித்துவையுங்கள், முடிந்தால் அவற்றை ஒரே கொத்தாகப் போடச் சொல்லி பேண்டில் பேசிவிடுங்கள். அந்தக் கொத்தின் கடைசிப் பாட்டுக்கு எதிரே 'ஈ-க்கு ஏற்று' என்றும் எழுதுங்கள். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டால், ஏற்றுவதற்கு முன்னாலேயே வாசித்து முடித்துவிடுங்கள்.