'அன்று மட்டும்...' என்று பேசும்போது குத்துச்சண்டை ரசிகர்கள் செய்யும் தவறுகள்

குத்துச்சண்டை ரசிகர்கள் கூடினால் 'அன்று மட்டும் அப்படி நடந்திருந்தால்' என்ற பேச்சு வராமல் போகாது. பேசட்டும், அதுவும் இந்த விளையாட்டின் சுவைதான். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு.

1927 செப்டம்பர் 22, சிகாகோ. ஏழாவது ரவுண்டில் ஜாக் டெம்ப்சியின் அடிகளில் சாம்பியன் ஜீன் டனி சரிந்தார். விழுந்தவர் நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழ வேண்டும்; அடித்தவர் பொது மூலைக்கு, அதாவது இருவருக்கும் சொந்தமில்லாத மூலைக்கு, போன பிறகுதான் எண்ண வேண்டும் என்பது விதி. டெம்ப்சியோ விழுந்தவர் பக்கத்திலேயே நின்றார். நடுவர் டேவ் பேரி அவரை அனுப்பிவிட்டு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். ஒன்பதில் டனி எழுந்தார். தரையில் இருந்தது சுமார் 14 விநாடி.

'ஒழுங்காக எண்ணியிருந்தால் டெம்ப்சிதான் சாம்பியன்' என்று இன்றும் வாதிடுகிறார்கள். விழுந்த வீரர் கவனிப்பது நடுவரின் எண்ணிக்கையை, கடிகாரத்தை அல்ல. தெளிவாக இருப்பவர் ஒன்பது வரை ஓய்வெடுத்துத்தான் எழுவார். முன்பே எண்ணியிருந்தால் டனி முன்பே எழுந்திருக்கக்கூடும். கூடுதல் விநாடிகள் அவருக்கு உதவின, சரி. அதை வைத்து டெம்ப்சிக்கு நாக் அவுட் வெற்றி கொடுத்துவிட முடியாது. எட்டாவது ரவுண்டில் டெம்ப்சியையே டனி கீழே தள்ளினார். புள்ளிக் கணக்கில் வென்றார். முந்தைய வருடம் ஃபிலடெல்ஃபியாவிலும் அவரிடம்தான் டெம்ப்சி பட்டத்தை இழந்திருந்தார். இரண்டு சண்டையிலும் சேர்த்து 20 ரவுண்டு; அதில் ஒரே ஒரு ரவுண்டை வைத்துக்கொண்டு வரலாறு பேசுவது டனிக்குச் செய்யும் அநியாயம்.

1990இல் டோக்கியோவில் மைக் டைசன் எட்டாவது ரவுண்டில் பஸ்டர் டக்ளஸை வீழ்த்தியபோதும், நடுவர் தாமதமாக எண்ணினார் என்ற இதே புகார்தான். டக்ளஸும் நடுவரின் ஒன்பதில்தான் எழுந்தார். பத்தாவது ரவுண்டில் டைசனை நாக் அவுட் செய்தார்.

அப்புறம், கேட்ட கதையைச் சரிபார்க்காமல் சொல்வது. 1963இல் லண்டன் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர், அப்போது காசியஸ் க்ளேயாக இருந்த முகமது அலியை நான்காவது ரவுண்டின் கடைசியில் வீழ்த்தினார். கிழிந்த கையுறையைக் காட்டி அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி பல நிமிடம் வாங்கித் தந்தார் என்பார்கள். பதிவான படத்தைப் பார்த்தால் கூடுதலாகக் கிடைத்தது சில விநாடிகளே. அலியை உண்மையில் காப்பாற்றியது ரவுண்டு முடிந்த மணி. அந்த அடி அரை நிமிடம் முன்னால் விழுந்திருந்தால் என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது 1990 மார்ச் 17, லாஸ் வேகஸ். மெல்ட்ரிக் டெய்லர் மூன்று தீர்ப்பாளர்களில் இருவரின் கணக்கில் தெளிவாக முன்னிலையில் இருந்தார். பன்னிரண்டாவது ரவுண்டில் ஜூலியோ சேசர் சாவேஸ் அவரை வீழ்த்தினார். எழுந்த டெய்லரிடம் நலமா என்று நடுவர் ரிச்சர்டு ஸ்டீல் கேட்டார்; பதில் வரவில்லை; சண்டையை நிறுத்தினார். மிச்சமிருந்தது 2 விநாடி. அந்த 2 விநாடியைக் கொடுத்திருந்தால் பட்டம் டெய்லருக்குத்தான், இதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'அவர் வாழ்க்கையே மாறியிருக்கும்' என்று அடுத்த வரி வரும்போதுதான் தவறு நுழைகிறது. சாவேஸின் அடிகளை டெய்லர் அதற்குள் வாங்கி முடித்திருந்தார். ரத்தத்தை விழுங்கியபடி, முக எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பட்டம் கையில் இருந்திருந்தாலும் அன்றிரவு அங்கேதான் போயிருப்பார்.