பில்லில் தேதி சரியாக விழ

வேலூர் நேதாஜி மார்க்கெட் மண்டிக்கு பில் போடும் சி மொழி நிரலா? தேதியைக் கையால் கோக்க வேண்டாம். தேதி, நேரத்தை வைத்திருக்கும் டிஎம் கட்டமைப்பில் மாதம் 0-இல் தொடங்கும். ஆண்டில் 1900 கழிந்திருக்கும். கூட்ட மறந்தால் 2025-க்கு 125 என்று விழும். தேதியை எழுத்தாக மாற்றும் ஸ்ட்ர்எஃப்டைம் செயற்கூறு இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அதற்குக் கொடுக்கும் வடிவத்தில், சதவீதக் குறிக்குப் பின் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். பலர் சறுக்குவது இங்கேதான். பெரிய ஒய் போட்டால் நாலு இலக்க ஆண்டு.

‘15-08-2025 14:30’ என்பது 16 எழுத்து. முடிவைக் காட்டும் பூஜ்ய எழுத்தோடு, அதை வைக்கும் பஃபரில் 17 பைட் தேவை (32 வைத்தால் நிம்மதி). இடம் போதாவிட்டால் ஸ்ட்ர்எஃப்டைம் 0 திருப்பும். அப்போது பஃபரை அச்சிடாதீர்கள், குப்பை வரலாம்.

நேரம் ஐந்தரை மணி பின்தங்கினால் உலகப் பொது நேரம் (யூடிசி) தரும் ஜிஎம்டைமை அழைத்திருப்பீர்கள். லோக்கல்டைம் போடுங்கள். அப்படியும் பின்தங்கினால் கணினியின் நேர மண்டலம் யூடிசியில் இருக்கும்.